மணப்பட்டின் ஜீரோ காற்று

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் வில்லியனூரிலிருந்து மணப்பட்டுக்கு ஸ்கூட்டரில் போனோம். ஓட்டியவள் என் மனைவியின் தங்கை ரெஜினா. பின்னால், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான்.

ரெஜினா சாஃப்ட்வேர்க்காரி. காற்றின் வேகத்தை அளக்கும் கருவிகள் அனுப்புகிற எண்களைப் படிக்க ஒரு லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு புரோகிராம் துண்டு எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விட்டிருக்கிறாள். மணப்பட்டுக் கரையில் கம்பத்தின்மேல் சுழலும் கருவிக்கும் அதுதான். விடியும் முன்னே மீனவர்களின் போனுக்குக் காற்றின் வேகம் மெசேஜாகப் போய்விடும்.

அதில் ஒரு பழைய கோணல். கருவி பேசாவிட்டால், லைப்ரரி 'ஜீரோ' என்று சொல்லிவிடும்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும் மாமா. ஜீரோன்றது பொய். அந்தப் பொய்யக் காப்பாத்த நாப்பது வரி புரோகிராம்! தூக்கிட்டு, காலியா வுட்டுடலாம்."

நியாயம்தான். பத்திரிகையில் வேண்டாத வரியை வெட்டுவதுதானே என் பிழைப்பும்? ஆனாலும்... அந்த ஜீரோவை யாராவது நம்பியிருந்தால்? கேட்டுவிடுவோமே என்றுதான் இந்தப் பயணம்.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீனவர் வேலு சிரித்துவிட்டார். "கடல்ல காத்து எப்பம்மா ஜீரோ ஆவும்? ஜீரோ வந்தா பொட்டி செத்துப்பூச்சுன்னு அர்த்தம். அன்னிக்கி நாங்களே கரையில நின்னு பாத்துட்டுதான் படகத் தள்ளுவோம். ஏன், நீ இன்னா பண்ணப் போற?"

ரெஜினா மணலிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். மெசேஜ் அனுப்பும் புரோகிராம் வேறு யாரோ எழுதியது. அவர் ஊரைவிட்டுப் போய்ப் பல காலம். அதன் நகலில் தன் புது லைப்ரரியைப் போட்டு, கருவி செத்ததுபோல் சோதித்தாள்.

எண் வராததும் அந்தப் புரோகிராம் என்ன செய்தது தெரியுமா? முந்தைய நாளின் எண்ணையே எடுத்து, இன்றைய காற்று என்று மெசேஜில் போட்டது.

முந்தைய நாள் — சாந்தமான காற்று.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நல்ல வேளை மாமா... நாளைக்கு ரிலீஸ் பண்றதா இருந்தேன்."

வேலு எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, எங்கள முழுகடிக்கப் பாத்தியா?"

"இல்லண்ணே. உங்க ஜீரோ உங்களுக்கே."

அங்கேயே மாற்றி எழுதினாள்: பழைய ஆட்களுக்கு ஜீரோ அப்படியே வரும். புதிதாக எடுப்பவர்கள் கேட்டால் மட்டும் காலி. நாற்பது வரி போகவில்லை... மேலே ஆறு வரி சேர்ந்தது. "அசிங்கமா இருக்கு, அசிங்கமா இருக்கு" என்று திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்தாள். குரலில் மட்டும் பாரம் இறங்கியிருந்தது.

நமக்குக் கோணலாகத் தெரிகிற சுவரில் யாரோ முதுகைச் சாய்த்திருக்கலாம். நிமிர்த்தும் முன் அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன?

வியாழக்கிழமை வேலுவின் போனுக்கு வந்த மெசேஜை ரெஜினா எனக்கு அனுப்பியிருந்தாள். காற்று: ஜீரோ. கூடவே ஒரு படம் — பொங்கும் அலை, கரையில் வரிசையாகப் படகுகள்.

கணக்குப் பரீட்சையில் பலமுறை ஜீரோ வாங்கியவன் நான். அதைப் பார்த்து நிம்மதியானது, இதுதான் முதல் தடவை!