நோட்டில் இருந்த வியாழக்கிழமை

குர்ஆனைக் கண்ணை மூடிக்கொண்டும் ஓதுவேன். அதில் எவளும் எனக்குப் பிழை சொன்னதில்லை. பம்மலில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஓதச் சொல்லிக்கொடுத்தவள் நான். தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒன்றைப் பிடித்து நிறுத்தினால்தான் அடுத்தது தெரியும்.

என் மகள் அப்போது பதினோராம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் வயதுக்கு வந்த பிறகும் பள்ளிக்கூடம் போன முதல் பெண் அவள்தான். தோல் கம்பெனியில் வேலை பார்த்த அவள் அத்தாவைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தது நான்.

ஒரு திங்கட்கிழமை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு நோட்டு கிடைத்தது. பாடமாக இருந்தால் ஏன் ஒளித்து வைக்கிறாள்? அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். ‘வியாழக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் என் புர்காவைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். ஐந்து மணி வண்டிக்கு அவன் வருவதாகச் சொல்லியிருந்தான்.’

நான் பார்த்த எழுத்தெல்லாம் ஓதுகிற கிதாபு, ஊர்க் கடிதம், ரேஷன் கார்டு. நடக்காத ஒன்றை ஒருத்தி மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதுவாள் என்று யார் கண்டது?

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும், “இந்த வாரத்தோட அவ படிப்பு போதுங்க,” என்றேன்.

“நீதானே ஒத்தக் கால்ல நின்னு அனுப்புன? இப்ப இன்னா வந்திச்சு?”

“போதும்னா போதும்.”

அவரும் சரி என்றுவிட்டார். மகளிடம் வெள்ளிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

செவ்வாயும் புதனும் எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். நோட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் மானம் தெருவுக்கு வந்துவிடும். நானே கூட்டிக் கூட்டி மூன்றாம் பக்கத்துக்குத்தான் வந்திருந்தேன். அதில் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வியாழக்கிழமையும் போவாள் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு தாம்பரம் போனேன். பிளாட்பாரத்தில் படிக்கட்டு ஓரமாக நின்று, புர்கா போட்டு வந்த ஒவ்வொரு பெண்ணின் காலையும் பார்த்தேன். என் மகளின் செருப்பு எனக்குத் தெரியாதா? ஐந்து மணி வண்டி வந்தது, போனது. அடுத்ததும் போனது.

வேர்க்கடலை விற்றவள் கேட்டேவிட்டாள். “இன்னாம்மா, ஏறவும் மாட்டேன்ற, போவவும் மாட்டேன்ற. யாரைத் தேடிகினு கீற?”

“தங்கச்சி வர்றா,” என்றேன்.

வீடு திரும்பினால், மகள் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

“எங்கம்மா போனீங்க? எவ்ளோ நேரம் குந்தினு இருக்கிறது?”

உள்ளே போனதும் நோட்டைத் தூக்கி அவள் முன்னால் போட்டேன். “யாருடி அவன்?”

நோட்டைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். “அது கதைம்மா. நானா கட்டுனது. அப்படி யாரும் இல்ல.”

“இல்லாதவனுக்காக நான் தாம்பரம் ஸ்டேஷன்ல நின்னுட்டு வர்றேன்டி!”

 “வந்தானாம்மா?” என்றாள்.

அடிக்க ஓங்கிய கை சிரிப்பில் இறங்கிவிட்டது.

“ஏண்டி இதெல்லாம் எழுதுற?”

“லைப்ரரியில எந்தக் கதையை எடுத்தாலும் நம்ம வூட்டுப் பொண்ணே இல்லம்மா. இருந்தாலும் பெருநாளைக்குப் பிரியாணி குடுத்துட்டுப் போயிடுறா. அப்புறம் ஆளையே காணோம்.”

மீதியை வாசிக்கச் சொன்னேன். கதையில் அந்தப் பையன் வரவே இல்லை. அந்தப் பெண் தனியாகப் பீச்சுக்குப் போய்க் காலை நனைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் திரும்ப ரயில் ஏறுகிறாள். அதற்குமேல் எழுதவில்லை என்றாள்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரிடம் சொன்ன சொல்லை நான் திருப்பி வாங்கியதில்லை. அன்று டீயைக் கொடுத்துவிட்டு நின்றேன்.

“புள்ள படிக்கட்டுங்க. நான் சொன்னது தப்பு.”

டம்ளர் வாயருகிலேயே நின்றது. “இன்னொரு தபா சொல்லு.”

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு ஜடை பின்னிவிட்டேன். ரிப்பனை இறுக்கும்போது, அந்தப் பெண் வீட்டுக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.