படியில் யாரும் விழவில்லை

தங்க வருபவர்கள் எல்லாம் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மாடியில் மூன்று அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விட்டு, காலைச் சாப்பாடும் கொடுப்பாள். இதில் என்ன பெரிதாகக் கிடைத்துவிடப் போகிறது என்று கேட்டால் சிரித்துக்கொள்வாள். வீட்டில் வெளி ஆள் இருந்தால் புருஷன் கைநீட்ட மாட்டான். அவளுக்கு அது போதும்.

அவன் லாரி பட்டறையில் மெக்கானிக். சாப்பாடு ஆறியிருந்தால் அறை, பதில் பேசினால் பெல்ட், பேசாவிட்டால் "திமிரா?" என்று இன்னும் நாலு. விருந்தாளி வந்துவிட்டால் ஆளே வேறு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவான். "சார் மாதிரி ஒருத்தர் அமைய நீங்க குடுத்து வச்சிருக்கணும் அக்கா" என்று ஒரு பெண் சொன்னபோது, முதுகுக் காயம் எரிய எரிய, "ஆமாம்மா" என்றாள்.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. வீட்டில் ஆள் தங்கவைப்பவர்கள் தரச் சான்று வாங்க வேண்டும்; இல்லையென்றால் அறைகளுக்குப் பூட்டு. சோதிக்க வந்த அதிகாரியம்மா ஒல்லி, மூக்குக் கண்ணாடிக்காரி, எதையும் டேப் வைத்து அளக்காமல் விடமாட்டாள். படி, கைப்பிடி எல்லாம் சரி. ஜன்னல் கம்பிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"தீப்பிடிச்சா எப்படி வெளிய வருவாங்க? திறக்குற மாதிரி மாத்துங்க. அதுவரைக்கும் யாரையும் தங்கவைக்கக் கூடாது."

அவள் போனதும் புருஷன் கத்தினான். "என் வீட்டு ஜன்னலை வெட்டச் சொல்ல அவ யாருடி?"

அறைகள் காலியாயின. அடி தினப்படி ஆயிற்று. பொறுக்கமாட்டாமல், அவன் பட்டறைக்குப் போன நேரம் பார்த்து வெல்டரை வரவழைத்துக் கம்பிகளை அறுக்கச் சொன்னாள். திரும்பி வந்தவன் அறுத்துப்போட்ட கம்பி ஒன்றை எடுத்தான். தலையைக் காக்க அவள் தூக்கிய கையில் அது இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அதற்குப் பிறகும் அடித்தான்.

அதிகாரியம்மா மறுபடி வந்தபோது அக்காவின் கையில் மாவுக்கட்டு.

"என்னாச்சும்மா?"

"படியில விழுந்துட்டேன்."

அதிகாரியம்மா திரும்பிப் படியைப் பார்த்தாள். "அதை நான்தானே அளந்தேன். அதுல எப்படி விழுந்தீங்க?"

"ஜன்னலைப் பாத்துட்டுக் கிளம்புங்க மேடம்" என்று புருஷன் குறுக்கே வந்தான்.

"நான் அவங்ககிட்ட பேசிட்டிருக்கேன். சொல்லுங்கம்மா, யார் அடிச்சது?"

அக்காவின் கண் புருஷன் பக்கம் போயிற்று. அவன் விட்ட அறையில் அதிகாரியம்மாவின் கண்ணாடி சிதறி, உதடு கிழிந்தது. சுவரோடு சாய்ந்தவளின் கழுத்தைப் பிடித்து நெரித்தான்.

தன்மேல் அடி விழுந்தபோதெல்லாம் மரத்துப்போய் நின்றவளுக்கு, இன்னொருத்தி மூச்சுத் திணறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சட்டத்துக்காக வாங்கி மாட்டியிருந்த சின்னத் தீயணைப்பு சிலிண்டரை நல்ல கையால் பிடுங்கி, அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். அலறிக்கொண்டு விழுந்தான். விழுந்தவன்மேல் இன்னொன்று போட்டாள். மறுபடி ஓங்கியபோது அதிகாரியம்மாதான் தடுத்தாள். "போதும்மா, செத்துடப் போறான்."

அதிகாரியம்மா போன் போட, போலீஸ் ஜீப் உடனே வந்தது. அக்கா முன்பு போய் அழுதபோதெல்லாம் "புருஷன் பொண்டாட்டி விஷயம், பேசித் தீத்துக்கோங்க" என்று அனுப்பிவைத்த அதே ஏட்டு, அதிகாரியின் ரத்தத்தைப் பார்த்து விறைப்பாக நின்றார்.

"என் கை உடைஞ்சப்ப ஏன் சார் வரல?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

வீடு அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்தது. சான்றும் அவள் பேரிலேயே வந்தது. அதுவும் லேசில் இல்லை. "சிலிண்டர் நசுங்கியிருக்கு, புதுசு மாட்டிட்டுக் கூப்பிடுங்க" என்று, தையல் போட்ட உதட்டோடு அதிகாரியம்மா ஒரு தரம் திரும்பிப் போய்விட்டாள்.

சிறையிலிருந்து வெளியே வந்தவன் ஒரு மத்தியானம் நொண்டிக்கொண்டே வந்து கதவை உதைத்தான். கல்லெறிந்து முன்பக்கக் கண்ணாடியை உடைத்தான். அவள் ஏட்டுக்குப் போன் போட்டாள். அடிபட்ட அதிகாரி யாரும் இல்லாததால் ஜீப் ஆடி அசைந்துதான் வந்தது. ஆனாலும் வந்தது. இப்போது அவன் அண்ணன் வீட்டில் இருக்கிறான்.

அக்காவின் கை கோணலாகத்தான் கூடியது. முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு கலங்கிவிடுகிறது. முழுசாக வேண்டும் என்பவர்களிடம், "இங்க ஆம்லெட் மட்டுந்தான்" என்று கறாராகச் சொல்லிவிடுகிறாள்.