கருவி பேசாத நாட்கள்

அல்லிநகரத்தில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் ஆளுயரக் கம்பத்தில் ஆளுக்கொரு கருவி வைத்துக் கொடுத்திருக்கிறோம். மழையையும் இலையில் தங்கும் ஈரத்தையும் அளந்து நாளுக்கு ஒரு பதிவு அனுப்பும். ஈரம் கூடினால் 'அடிச்சாம்பல் நோய் வரலாம், மருந்து அடிக்கவும்' என்று விவசாயியின் போனுக்குச் செய்தி போகும். அந்தப் பதிவுகள் வந்து சேரும் டேட்டாபேஸுக்கு நான்தான் காவல். காவல்காரிக்கு வேண்டிய முன்கோபம் பிறவியிலேயே எனக்கு உண்டு.

சில கருவிகளில் நாட்கள் விட்டுப்போவதை மேனேஜர் கவனித்தார். அவர் கெட்டவர் இல்லை. கருவி கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே அவருக்குத் தொண்டை வற்றிவிடும்.

"யாரு சரியா வச்சுக்கலையோ அவுகட்ட இருந்து கழட்டி, காத்துக்கிட்டு இருக்கிறவுகளுக்குக் குடுத்துருவோம். லிஸ்ட் எடும்மா" என்றார்.

எடு என்று சொல்வது சுலபம். டேட்டாபேஸின் டேபிளில் பதிவு வந்த நாட்கள் மட்டும்தான் இருக்கும். வராத நாளுக்கு அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. பந்தியில் உட்கார்ந்தவர்களை எத்தனை தடவை எண்ணினாலும், வராமல் போன மாமன் யார் என்று தெரியாது. யாரையெல்லாம் அழைத்தோம் என்பது கையில் இருக்க வேண்டும். அதனால் வருஷத்தின் எல்லாத் தேதிகளையும் முதலில் தனி டேபிளாக உண்டாக்கினேன். ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு தேதியோடு ஜோடி சேர்த்து, பக்கத்தில் வந்த பதிவுகளை வைத்து, துணை கிடைக்காமல் நிற்கிற தேதிகளை மட்டும் கொடு என்று குவெரி எழுதினேன்.

முதல் இடத்தில் வந்து நின்றது கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு அக்காவின் தோட்டம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த அக்காவை நான் நேரில் பார்த்ததில்லை, குரல் தெரியும். கருவி வைப்பதற்கு முந்தைய போகத்தில் அடிச்சாம்பல் விழுந்து, பந்தலோடு காய் மொத்தமும் கருகிப்போனது. அடுத்ததும் போனால் கொடியை வெட்டிவிட்டுக் கூலி வேலைக்குத்தான் போகணும் என்று ஒரு தடவை சொல்லியிருந்தார். இப்போது பந்தலில் பிஞ்சு இறங்கியிருந்தது. இந்த நேரம் பார்த்துக் கருவியைக் கழற்றினால் அவருக்கு யார் சொல்வார்கள்?

போன் போட்டேன். "கருவிய என்னக்கா பண்றீக? அப்பப்ப ரெண்டு மூணு நாள் பேச மாட்டேங்குது."

"நானா? அதுமேல கைகூட வைக்கிறதில்ல தாயி. கண்ணு மாதிரிப் பாத்துக்கிறேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நான் பரிந்து பேசலாம் என்று பார்த்தால் இவர் எனக்கே காது குத்துகிறாரே! மறுநாள் காலை கம்பம் பஸ் ஏறிவிட்டேன். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர் ஊராகத் திட்டு வசனங்களை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தின் வாடை. பந்தலின் இலையெல்லாம் வெளிர்நீலம். நடுவில் எங்கள் கருவி, தலைமுதல் இடுப்புவரை தடித்த சாக்கு போர்த்தி, அதன்மேல் ஒரு பழைய சேலையும் சுற்றி, கயிறு கட்டி நின்றது. தலையில் இருக்கிற சோலார் தகட்டுக்கு வெயில் பட வழியே இல்லை. பேட்டரி செத்து, கருவி பேச்சில்லாமல் கிடந்தது.

"இது என்னக்கா கூத்து?" என்றேன், ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வராமல்.

"முந்தாநேத்து உங்க செய்தி வந்துச்சுல்ல, நேத்து மருந்தடிச்சோம். அடிக்கிறதுக்கு முந்தி குடிதண்ணிக் கொடம், மோட்டார் பெட்டி, மூலையில இருக்க கன்னிமாரு சாமி கல்லு எல்லாத்தையும் மூடிருவோம். இத மட்டும் விட முடியுமா? மருந்து பட்டு இதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னா அப்பறம் எனக்கு யாரு சொல்லுவா? பத்திரமாப் பாத்துக்கங்கன்னுதான உங்க ஆளுக சொல்லிட்டுப் போனாக. அந்த வாடை போகட்டும்னு ரெண்டு மூணு நாள் அப்படியே விட்டுருவேன்."

சாக்கை ரெண்டு பேருமாக அவிழ்த்தோம். தகட்டை மூட வேண்டாம், கீழே பெட்டியை மட்டும் மூடினால் போதும், நீலம் பட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று சொன்னேன். "துடைக்கலாமா?" என்று நம்பாமல் ரெண்டு தடவை கேட்டார்.

அலுவலகம் திரும்பி இன்னொரு குவெரி எழுதினேன். வராத நாட்களுக்குப் பக்கத்தில், நாங்கள் எச்சரிக்கை அனுப்பிய நாட்களைக் கொண்டுவந்து வைத்தேன். லிஸ்டில் மேலே இருந்த தோட்டங்களில் பெரும்பாலும் ஒரே கதைதான். செய்தி போகும், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ கருவி பேச்சை நிறுத்தும். எங்கள் சொல்லைக் கேட்டவர்களிடமிருந்துதான் கருவியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறோம்.

அப்படியென்றால் ஒரு நாள்கூட விடாத தோட்டம்? அந்த விவசாயியின் எண்ணுக்கு அடித்தேன். அவருடைய தம்பி எடுத்தார். "அண்ணன் தோட்டத்த விட்டுட்டு ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குக் குமுளிக்கு அங்கிட்டுப் போயிட்டாக. பந்தலெல்லாம் காஞ்சு போச்சு." எங்கள் கணக்கில் அதுதான் முதல் தரமான கருவி. ஆளில்லாத தோட்டத்தில் மூடிவைக்க ஒரு கை இல்லாமல், தினமும் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

மேனேஜர் ரெண்டு லிஸ்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தக் காஞ்ச தோட்டத்துக் கருவியக் கழட்டுவோம்" என்றார். கம்பத்து அக்காவின் கருவி நின்ற இடத்திலேயே நின்றது.

பத்திருபது நாள் கழித்துப் பள்ளத்தாக்கு முழுக்க மழை மூடாக்கு. எச்சரிக்கை போனது. மறுநாள் வழக்கம்போல் குவெரியை ஓட்டினேன். அக்காவின் தோட்டத்துப் பதிவு வந்திருந்தது. அதற்கு மறுநாளும் குறையில்லாமல் வந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் பயந்துபோனேன்; அந்தக் காய்ந்த தோட்டத்துக் கருவியும் இப்படித்தானே விடாமல் பேசியது. வேறெதையும் பார்க்காமல் போனை எடுத்தேன்.

"அக்கா, மருந்து அடிச்சீகளா?"

"அடிச்சாச்சு தாயி. நீ சொன்ன மாதிரித் தலைய மூடல. மூஞ்செல்லாம் நீலம் பூசிக்கிட்டு நின்னுச்சு, இப்பத்தான் துடைச்சுவிட்டேன். ஏன், இன்னைக்கும் பேசலையா?"