வலிக்காத மாமா

எங்கள் மாமாவை ஊக்கால் குத்தினாலும் வலிக்காது. மூன்றாம் வகுப்பில் எனக்கிருந்த ஒரே பெருமை அதுதான்.

மாமா அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் மில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் சட்டைக் கையை மடித்து விடுவார். இடது முழங்கைக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளிறிய வட்டம். எல்லோரும் தேமல் என்றுதான் சொன்னார்கள். "ஏட்டி, குத்திப் பாரு" என்று ஊக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி ஏதோ பாட்டை முணுமுணுப்பார். குத்துவேன். பாட்டு நிற்காது. தெருப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். மில்லில் உழைத்து உரமேறிய உடம்பு என்று அளப்பார். நான் அப்படியே நம்பினேன்.

அந்தக் கார்த்திகையில் அவருக்கு வன்னியம்பட்டியில் பெண் பேசி முடித்திருந்தார்கள். தையில் கல்யாணம். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நர்ஸ் அக்கா வந்தார். வீட்டில் யாருக்காவது தொட்டால் தெரியாத தேமல் இருக்கிறதா என்று கேட்டார். என் பக்கத்தில் இருந்தவள் தன் சித்தப்பா வளர்க்கும் வேட்டை நாயைப் பற்றியே நாள் முழுக்கப் பீற்றிக்கொள்பவள். அவளை மடக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"எங்க மாமாவ ஊக்கால குத்தலாம்க்கா! அவியளுக்கு வலிக்கவே வலிக்காது!"

வகுப்பே சிரித்தது. நர்ஸ் அக்கா மட்டும் சிரிக்காமல் எங்கள் வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தும் விட்டார். மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் கையை அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். மாமா சரியாகக் காட்டிக்கொண்டே வந்தார். வட்டத்தைத் தொட்டபோது மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இது தேமல் இல்லண்ணே. தொழுநோயோட ஆரம்பம். ஆறு மாசம் மாத்திரை போட்டா குணமாயிரும். ஒளிச்சு வச்சாத்தான் கை வெளங்காமப் போகும்."

அவர் போனதும் அம்மா கதவைச் சாத்தினாள். "கல்யாணம் நின்னு போகுமே! ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாதலே" என்று மாமாவிடம் கெஞ்சினாள். என் முதுகில் ஓர் அறை விழுந்தது. ஊக்கால் குத்தியதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா கேட்கவில்லை. அன்றைக்கே பஸ் ஏறி வன்னியம்பட்டிக்குப் போய்ப் பெண்ணிடமே சொல்லிவிட்டார். "மொதல்ல மாத்திரைய முடிங்க. பொறவு தாலியக் கட்டுங்க" என்றாராம் அவர். கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப் போனது.

அந்தக் கல்யாணத்துக்கு நாய்க்காரியும் வந்திருந்தாள். விடுவேனா? மாலையோடு நின்ற மாமாவிடம் ஊக்கை நீட்டினேன். அவரும் பட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டார். குத்தினேன்.

"ஆத்தீ!" என்று துள்ளினார்.

நாய்க்காரி கைகொட்டிச் சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. புது அத்தை வந்த முதல் நாளே மாமாவின் வித்தையைக் கெடுத்துவிட்டார் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அம்மாவோ மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டேன்.

"அவனுக்கு வலிக்குதுட்டி, வலிக்குது."

வலித்தால் அழ வேண்டியவர் மாமா. அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்.