குடலிறக்கம்னு சொன்ன ஆபரேசன்

கல்யாணமாகி அஞ்சு வருசம், பிள்ளை இல்லை. என் சம்சாரத்துக்கு எடுக்காத ஸ்கேன் இல்லை, சுத்தாத கோயில் இல்லை. என்னைய ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. நானும் கப்பலூர்ல லேத் ஓட்டப் போறதும் வாரதுமா இருந்துட்டேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு டாக்டரம்மா, "வீட்டுக்காரரைப் பாக்காம இவங்களையே எம்புட்டு நாள் பாக்குறது?"ன்னு என்னைய உள்ள கூப்பிட்டாங்க. டெஸ்ட்டுல உயிரணு குறைவு. ஸ்கேன்ல விதைப்பை ரத்தக்குழாய் வீங்கிக் கிடந்துச்சு. வெரிகோசீலாம். அடிவயித்துக்குக் கீழ சின்னதாக் கீறி அந்தக் குழாயைக் கட்டிவிட்டா, மூணு மாசத்துல எண்ணிக்கை கூடலாம், கூடாமலும் போகலாம்னாங்க. அந்த மூணு மாசம் இன்னும் முடியலை. என்ன முடிவு வருமோன்னு உக்கார முடியாம, நிக்க முடியாம அலையிறேன்.

ஆபரேசனுக்கு முன்னாடி எனக்கு ஒரே கவலை, ஊருக்கு என்ன சொல்றதுன்னு. வெக்கங்கெட்ட கவலைதான். இரும்பு தூக்குற பொழப்பு, கீறலும் ஏறக்கொறைய அதே இடம். குடலிறக்கம்னு சொல்லிட்டேன். அவளையும் அப்படியே சொல்லச் சொன்னேன். ஒரு பார்வை பாத்துட்டுச் சரின்னா.

வீட்டுக்கு வந்த மறுநாள் எழுமலையிலிருந்து அத்தை ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா பாக்க வந்துச்சு. எங்கம்மா ஆரம்பிச்சிருச்சு.

"சிலிண்டரை மாடிக்கு இவன்தான் தூக்குறான். தண்ணிக் கேனும் இவன்தான். அந்த மகாராணிக்குக் கை நோகும். குடலு இறங்காம என்ன செய்யும்?"

அத்தை விடுமா? "பிள்ளையும் பெத்துத் தரலை, இருக்கிற பிள்ளையையும் படுக்க வச்சுட்டாளாக்கும்."

அடுப்படியில அவ காபி ஆத்திக்கிட்டிருந்தா. அந்தச் சத்தம் நின்னுபோச்சு.

நான் சொன்ன பொய்யும் அவ தலையிலதான் விழுந்திருக்கு. எம்மேலேயே எனக்கு அம்புட்டு ஆத்திரம் வந்துச்சு.

"அம்மா, குடலும் இல்லை ஒண்ணும் இல்லை. குறை எங்கிட்ட. பிள்ளைக்காகத்தான் இந்த ஆபரேசன். அவகிட்ட ஒரு கோளாறும் இல்லைன்னு டாக்டரே சொல்லியாச்சு."

அத்தை ஆப்பிள் பையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அம்மா எந்திரிச்சுப் போய் வாசக்கதவைச் சாத்துச்சு.

"மெல்லப் பேசுடா. நாலு பேரு காதுல விழுந்தா என்னாகும்?"

அஞ்சு வருசமா அவளை மலடி மலடின்னு இந்த வீட்டுல கதவைத் திறந்து போட்டுத்தான் பேசினாங்க. தையல் வலிக்க வலிக்க எந்திரிச்சுப் போய், நான் அந்தக் கதவைத் திறந்துவிட்டேன்.