கட்டிலோடு போன பிரசவம்

மகளுக்கு வலி கண்டதும், லோடு ஆட்டோவில் அவளோடு எங்கள் கயிற்றுக் கட்டிலையும் ஏற்றினேன். அவள் பிறந்தபோது வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டில் கிடைக்காமல் என் மனைவி தரையில்தான் படுத்திருந்தாள். மகளுக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று பயம்.

சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் நர்சம்மா சிரித்தார்.

"அண்ணாச்சி, இங்கன கட்டில் நெறைய கெடக்கு. மகளை மட்டும் எறக்குங்க!"

வெட்கத்தில் ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மதியம் அதே குரல் கேட்டது.

"கட்டில்கார அண்ணாச்சி எங்க? பேத்தி பொறந்திருக்கா!"

வராந்தாவே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். ஜன்னலோரக் கட்டிலில், வெள்ளை விரிப்பின் மேல் மகள் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

கூச்சத்தால் யாரிடமும் எதையும் கேட்காதவன் நான். முன்பே ஒருவரிடம் விசாரித்திருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது. ஆனால் இவ்வளவு சந்தோஷம் வந்திருக்குமா, தெரியவில்லை.