பெயர் போடாத படம்

பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளில் ஊறியிருக்கும் தார் எண்ணெயின் வாடை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இரண்டையும் கோலாலம்பூரில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலில் அலங்காரத்துக்காக அப்படி ஒரு கட்டையைப் போட்டிருந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு "பூசோக்! ஒரே நாத்தம்!" என்றாள் மகள். எனக்கு அது அப்பாவின் சட்டை வாடை.

அப்பாவுக்கு போர்ட் கிள்ளானில் தண்டவாளம் பழுது பார்க்கும் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்துக்கு ரயில் பாஸ் கிடைக்கும். மற்றவர்கள் பினாங்குக்கும் கேமரன் மலைக்கும் போவார்கள். நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் அத்தை வீட்டில் மூன்று நாள் தங்கி, சரித்திரம் பார்ப்போம். மணிக்கூண்டு, பழைய ரயில் நிலையம், கடைசியில் இந்த அருங்காட்சியகம். அம்மா தக்காளிச் சோற்றைப் பொட்டலம் கட்டி எடுத்து வருவார். அதைத் தின்பதற்காகவே நாங்கள் சரித்திரத்தைப் பொறுத்துக்கொண்டோம்.

அப்பாவுக்கு மட்டும் வேறொரு காரணம் இருந்தது. அங்கே சுவரில் ஒரு படம். காட்டை வெட்டித் தண்டவாளம் போடும் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் ஒரு துரை, காலடியில் நாய். இடது ஓரத்தில் தலைப்பாகையோடு ஒருபக்கம் சாய்ந்து நிற்கும் ஆளைக் காட்டி அப்பா ஒவ்வோர் ஆண்டும் சொல்வார்: "இவுருதான்டா உங்க தாத்தா. கும்பிட்டுக்க." எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு வேறு படம் கிடையாது.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது இங்கிலீஷ் நன்றாக வர ஆரம்பித்திருந்தது. அதாவது, திமிர் வர ஆரம்பித்திருந்தது. அந்த ஆண்டு அப்பா, "கீழ என்னமோ எழுதியிருக்கே, படிச்சுச் சொல்லு" என்றார். படித்தேன். துரையின் பெயர் இருந்தது. நாயின் பெயர் கூட இருந்தது. மற்ற எல்லாருக்குமாகச் சேர்த்து ‘கூலிகள்’ என்று ஒரே சொல். பின்னால் என் வகுப்புப் பையன் ஒருவன் அவன் குடும்பத்தோடு நின்றிருந்தான். அப்பாவோ கைகூப்பியபடி நிற்கிறார். எனக்கு மானம் போனது.

"பேரே போடலையேப்பா. இது தாத்தான்னு எப்படிச் சொல்றீங்க? யாரோ ஒரு ஆளு!"

"எங்கப்பன எனக்குத் தெரியாதாடா?" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குத் தக்காளிச் சோற்றை அவர் தொடவில்லை. அடுத்த ஆண்டு பாஸ் வந்தது, அலமாரியிலேயே கிடந்தது. "சரித்திரமெல்லாம் போதும்" என்றார். பிறகு அவர் அங்கே போகவே இல்லை.

என் கல்யாணத்தில் போட்டோக்காரர் மூன்று தடவை சொன்னார்: "அண்ணே, இடது தோள் எறங்குது, நிமித்துங்க." நிமிர்த்தினேன், அது மறுபடி இறங்கியது. அப்பாவுக்கும் அப்படித்தான் இறங்கியிருக்கும். படத்தில் அந்த ஓரத்து ஆளுக்கும். மாலையோடு நிற்கும்போதுதான் இது உறைத்தது. சொல்லி மன்னிப்புக் கேட்க அப்பா இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம். அந்தத் திமிர் எங்கே போகும்?

அதனால்தான் போன விடுமுறையில் இந்தப் பயணம். கார் ஓட்டிக்கொண்டே பிள்ளைகளிடம் தாத்தாவின் அப்பா கதையை விரிவாகச் சொன்னேன். அத்தை குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸைக் காட்ட முதலில் பிரிக்பீல்ட்ஸ் போனோம். அங்கே நாற்பது மாடி நின்றது. பரவாயில்லை, படம் இருக்கிறதே என்றேன்.

படம் இருந்த சுவரில் பெரிய தொடுதிரை. தொட்டால் ரயில் கூவுகிறது. மகன் பத்துத் தடவை கூவ வைத்துவிட்டு, "அந்தத் தாத்தா எங்கேப்பா? உண்மையாவே இருந்தாரா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பதின்மூன்று வயதில் நான் கொடுத்ததுதான், என் கைக்கே திரும்பி வந்தது.

முகப்பில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் கேட்டேன். நல்ல பெண். "பழைய படமெல்லாம் ஸ்டோருக்குப் போயிருச்சு அங்கிள். சிஸ்டத்துல தேடிப் பாக்குறேன்" என்று கணினிப் பக்கம் திரும்பினாள்.

"யாரு அங்கிள் அதுல?"

"எங்க தாத்தா."

"அப்படியா! படத்துல பேரு போட்டிருந்துச்சா?"

"போடல."

"பேரு இல்லன்னா சூசா லா, அங்கிள். தேடுறது கஷ்டம்."

பேர் போட்டிருந்ததா என்பது நான் அப்பாவிடம் கேட்ட அதே கேள்விதான். அவளாவது மரியாதையாகக் கேட்டாள்.